பல்லடம் வட்டாரக் கறிக்கோழிப் பண்ணையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பண்ணையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கொட்டகைகளிலிருந்து வரும் கோழி எருவைப் பல ஆண்டுகளாக வாங்கிக் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இட்டுவரும் விவசாயி நான். கோழிகளை விற்பனைக்குப் பிடித்த மறுநாளே, கொட்டகைத் தரையில் எச்சத்தோடு கிடக்கும் கூளத்தை வாரி, பச்சையாக லாரியில் ஏற்றிவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, மக்கவைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தென்னை நார்க்கழிவோடு கலந்துவரும் அந்த எச்சத்தில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈகோலி போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். நோயே தெரியாத கோழியின் குடலிலும் அவை வாழும். கீரையாவது அடுப்பில் வேகிறது. கொத்தமல்லித் தழையையோ பச்சையாகவே நறுக்கித் தயிர்ப்பச்சடியில் போடுகிறோம்.

குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் போதும், மக்கும் சூட்டிலேயே கிருமிகள் செத்துவிடும் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூடி வைத்த குவியலில் ஒருநாள் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவிப் பார்த்தேன். நடுவில் இருந்த முனையைத் தொடவே முடியவில்லை. மேற்பரப்பை ஒட்டியிருந்த ஒரு சாண் அளவோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்த ஒரு சாணில் கிருமிகள் பிழைத்துக்கொள்கின்றன, மழை ஈரம் பட்டால் மறுபடி பெருகவும் செய்கின்றன. வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுவது இதனால்தான் அவசியமாகிறது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், வரிசையாகக் குவித்து மக்கவைக்கும் எரு 55 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டப்பட வேண்டும் என்கின்றன.

காய்ந்த கூளம் எத்தனை நாள் கிடந்தாலும் சூடேறாது. தண்ணீர் தெளித்து, கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் குவிக்கவும் வேண்டாம்; பெருங்குவியல் தானாகவே தீப்பற்றுவது உண்டு. புதுக்குஞ்சு இறக்கும் கொட்டகைக்கு அருகில் குவிக்காதீர்கள். பச்சை எருவை வாரிய மண்வெட்டியைக் கழுவாமல் மக்கிய எருவில் வைத்தால், அத்தனை உழைப்பும் வீணாகிவிடும்.

புரட்டும்போது கண் எரிகிறதே, அது அம்மோனியாவாக வெளியேறும் தழைச்சத்துதான் என்பதையும், மக்கினால் எடை குறையும் என்பதையும், ஆள்கூலி உங்கள் தலையில் விழும் என்பதையும் அறிவேன். அந்த இழப்பை நீங்கள் மட்டுமே சுமக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குவித்த தேதி, புரட்டிய தேதிகள், கம்பி வெப்பமானியில் பார்த்த அளவு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி லோடோடு அனுப்புங்கள். அந்தச் சீட்டு உள்ள எருவுக்குக் கூடுதல் விலை தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எருவை நம்பிப் பயிர் செய்யும் ஒரு விவசாயி