கரி மூட்டைக்கும் ஜாதகம்

ஆசிரியருக்கு,

தூத்துக்குடியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிப்பது என் பிழைப்பு. தேங்காய்ச் சிரட்டைக் கரி முன்பு பெரும்பாலும் ஒரு சோதனைச் சான்றிதழோடு சாதாரணச் சரக்காகவே கப்பலேறியது. ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேசக் கப்பல் விதிப்படி, 2026 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை கிடையாது. யு.என். (ஐ.நா. சரக்கு எண்) 1361, வகுப்பு 4.2, அதாவது தானே தீப்பற்றக்கூடிய பொருள் என்று அறிவித்தே ஆகவேண்டும். கரி சுட்ட தேதி, மூட்டை கட்டிய தேதி, அன்று கரி இருந்த சூடு என எல்லாம் பத்திரத்தில் வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.

போன வாரம் வந்த தாளில் வெப்பநிலைக்கு நேரே 'நார்மல்' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. திருப்பி அனுப்பினேன். "கரிதானே சார், வெடியா?" என்றார் வியாபாரி. மேலே சாம்பல் பூத்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரியை அவர் பார்த்ததே இல்லையா! நடுக்கடலில் கண்டெய்னர் புகைந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கப்பல்காரர்களுக்குச் சொல்ல இந்தத் தாள்தான் இருக்கிறது.

சரி, அவரையும் குறை சொல்ல முடியாது. விதி ஆங்கிலத்தில் கிடக்கிறது. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கரி சுடுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கலாமே. அப்புறம், களத்துக்கு ஒரு தெர்மாமீட்டர்.

– ஏற்றுமதி ஆவண எழுத்தர், தூத்துக்குடி