முதல் டிரெய்லரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

பெரிய கேம் நிறுவனங்களில் தேதி குறிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் கேம் தயாரிப்பவன் இல்லை. பதினைந்து வருடமாக மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், அதைவிட அதிக வருடங்களாக கேம் விளையாடுகிறேன். கேம் தள்ளிப்போவதால்தான் நாங்கள் கோபப்படுகிறோம் என்று நினைக்கிறீர்கள். தள்ளிப்போவதைப் பொறுத்துக்கொள்வோம். ஆனால் என்ன கேம் என்றே முடிவாகாத ஒன்றை ஏறக்குறைய முடிந்ததுபோல எங்களுக்குக் காட்டிவிட்டு, அப்புறம்தான் உள்ளே உட்கார்ந்து யோசிக்கவே தொடங்குகிறீர்கள். அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் தலைமுறைக்கு இந்தக் கதை டியூக் நியூகமில் தொடங்குகிறது. மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் டியூக் நியூகம் 3டி இருந்தது, 1996-இல் வந்த கேம். அதில் எனக்கு முதலில் பிடித்தது துப்பாக்கி இல்லை, சுவரில் இருந்த ஸ்விட்ச். அழுத்தினால் அறை இருட்டாகும், மறுபடி அழுத்தினால் வெளிச்சம் வரும். நானும் மாமா பையனும் எதிரியை விட்டுவிட்டு அதையே அழுத்திக்கொண்டிருப்போம். அதன் அடுத்த பாகமான டியூக் நியூகம் ஃபாரெவரை 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் 1997 ஏப்ரலில் அறிவித்தது. கடைக்கு வந்தது 2011 ஜூனில். பதினான்கு வருடம்! அறிவிப்பு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், விளையாடும்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது.

நடுவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன். கேமின் படம், அசைவு எல்லாவற்றையும் அடியிலிருந்து இயக்கும் மென்பொருளுக்கு இன்ஜின் என்று பெயர். முதலில் க்வேக் 2 என்ற வேறொரு கேமின் இன்ஜினை வாங்கினார்கள். 1998 மே மாதம் இ3 என்ற பெரிய கேம் கண்காட்சியில் அதில் செய்த டிரெய்லரைக் காட்டினார்கள். அடுத்த மாதமே அன்ரியல் என்ற இன்னொரு இன்ஜினுக்கு மாறப்போகிறோம் என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக்கு வேறு டயர் போடுவதுபோலத் தெரியும். உண்மையில் அது அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு வீடு அப்படியே நிற்கும் என்று நம்புவது. அந்த ஸ்விட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தினால் விளக்கு அணைய வேண்டும், நிழல் மாற வேண்டும், இருட்டில் எதிரி நம்மைத் தேடும் விதம் மாற வேண்டும், கேமைச் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தாலும் விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். இந்த ஒவ்வொன்றும் இன்ஜினோடு பேசித்தான் நடக்கிறது. ஆகவே இன்ஜின் மாறினால் ஸ்விட்சைத் திரும்பச் செய்ய வேண்டும், அந்த அறையைத் திரும்ப அமைக்க வேண்டும், அப்புறம் என்னைப்போல ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

அது மட்டுமா? வெளியே புதிதாக ஒரு கேம் வந்தால் அதில் இருப்பது நம்மிடமும் வேண்டும் என்று தலைமைப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் ப்ரூசார்ட் கேட்பார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஒருநாள் திடீரென்று பனி படர்ந்த லெவல்கள் வேண்டும் என்றாராம். 2011-இல் நான் காசு கொடுத்து வாங்கி விளையாடியபோது அது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பழைய கேமில் நாயகன் டியூக் ஒரு வண்டி ஆயுதங்களைச் சுமந்துகொண்டு ஓடுவான், புதியதில் ஒரு நேரத்தில் இரண்டுதான். அடிபட்டால் ஒதுங்கி நின்றால் போதும், உயிர் தானாக ஏறிவிடும். இரண்டுமே 2000-களில் மற்ற கேம்களில் வந்த வழக்கம். பதினான்கு வருடம் அடுத்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்களின் கேம் அது. திறமை இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முந்தைய கேமில் சம்பாதித்த சொந்தப் பணம் இருந்தது, அதனால் "போதும், இதோடு முடிப்போம்" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. பணம் தீர்ந்தபிறகு, 2009 மேயில், அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. வேறொரு நிறுவனமான கியர்பாக்ஸ்தான் முடித்துக் கொடுத்தது.

டிரெய்லர் எப்படிப் பொய்யாகிறது என்பதை என் வேலையிலேயே பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளருக்கு டெமோ காட்டினோம். திரையில் பன்னிரண்டு பட்டன். வேலை செய்தவை நான்கு, மீதி எட்டும் வெறும் படம். காட்டுபவர் எதை அழுத்தக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வைத்திருந்தார். டெமோ பிரமாதமாகப் போனது, அன்றைக்கே தேதியும் குறித்துவிட்டார்கள். அடுத்த ஐந்து மாதம் அந்த எட்டுப் படங்களை நிஜமாக்குவதிலேயே போனது, அதில் மூன்று எதற்காக அங்கே இருந்தன என்று யாருக்குமே தெரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர் பார்த்துவிட்டாரே, எடுக்க முடியாது. உங்கள் கண்காட்சி டிரெய்லர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வருகிறது.

காலவரையில்லாமல் இழுப்பதற்கு மாற்று, தேதிக்குப் பயந்து அரைவேக்காடாக இறக்கிவிடுவதும் இல்லை. சைபர்பங்க் 2077 கேமுக்கு முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள், அப்புறம் செப்டம்பர், அப்புறம் நவம்பர். அக்டோபர் தொடக்கத்தில் வேலை முடிந்து வட்டு அச்சுக்குத் தயார் என்று அறிவித்தார்கள், மூன்று வாரம் கழித்து மறுபடி டிசம்பர் 10-க்குத் தள்ளினார்கள். கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று முன்பு சொன்ன அதே நிர்வாகம் கடைசி மாதங்களில் ஊழியர்களை வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்யச் சொன்னது. கடைசியில் சோனியின் பிஎஸ்4 கேம் கருவியில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. தேதி தள்ளிப்போனபோது கொலை மிரட்டல் வந்தது தேதி குறித்தவர்களுக்கு அல்ல, கேமைச் செய்துகொண்டிருந்த டெவலப்பர்களுக்கு. அந்த மிரட்டலை விடுத்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள், அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது நடந்தது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் கேமைப் புதுப்பிக்கும் வேலையை பிரெஞ்சு கேம் நிறுவனமான யுபிசாஃப்ட் தன் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுத்தது. இந்தியாவில் அவ்வளவு பெரிய பெயருள்ள கேமை முன்னின்று செய்கிறார்கள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். 2020 செப்டம்பரில் டிரெய்லரைக் காட்டி, அடுத்த ஜனவரியிலேயே வருகிறது என்றார்கள். டிரெய்லரில் முகங்கள் சரியில்லை என்று உலகமே கேலி செய்தது. தேதி மார்ச் ஆனது, பிறகு தேதியே இல்லாமல் போனது, 2022-இல் வேலை அதே நிறுவனத்தின் கனடா ஸ்டுடியோவான மான்ட்ரியாலுக்குப் போனது, 2026 ஜனவரியில் கேமையே கைவிட்டுவிட்டார்கள். நான்கு மாதத்தில் கடைக்கு வரும் என்று சொல்லப்பட்ட கேம் இது! அந்த நிலையில் அதைக் காட்டலாம் என்று யாரோ ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் "இந்தியர்கள் செய்தால் இப்படித்தான்" என்ற பேச்சை மட்டும் புனேயிலும் மும்பையிலும் இருந்தவர்கள் கேட்டார்கள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

"ஹாலோ நைட்: சில்க்சாங் மட்டும் ஆறரை வருடம் ஆகவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் ஒரு சின்னக் குழு 2019 பிப்ரவரியில் அறிவித்து, 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வெளியிட்டது. அவர்களும் அதிகம் பேசாமல் இருந்து எங்களைத் தவிக்கவிட்டார்கள். ஆனால் கேம் என்ன என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது, வேலை வளர்ந்துகொண்டே போனாலும் அஸ்திவாரத்தைத் தோண்டவில்லை. தேதியை வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்புதான் சொன்னார்கள். அந்த இரண்டு வாரம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது, வெளியான அன்று நாங்கள் குவிந்த வேகத்தில் ஆன்லைன் கடைகளே திணறின.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதல் லெவலிலிருந்து கடைசி லெவல்வரை, அழகில்லாவிட்டாலும், ஒரு ஆள் விளையாடி முடிக்கக்கூடிய ஒரு வடிவம் உங்கள் அலுவலகத்தில் ஓடும்வரை எங்களுக்கு எதையும் காட்டாதீர்கள். சோதிக்கும் ஆட்களைக் கடைசி மாதத்தில் கூப்பிடாமல் அந்த முடிவை எடுக்கும் அறையிலேயே உட்கார வையுங்கள், அவர்கள் "இன்னும் இல்லை" என்றால் கேளுங்கள். அப்படியும் தள்ளிப்போனால், இன்ஜின் மாறியது, அல்லது கதையை மாற்றினோம் என்று காரணத்தை உங்கள் பெயரில் சொல்லுங்கள், குழுவின் பெயரில் சொல்லாதீர்கள்.

2001-இல் டியூக் நியூகம் ஃபாரெவருக்கு இன்னொரு டிரெய்லர் வந்தது. அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. 2022-இல் அந்தக் காலத்து பில்ட், அதாவது அதுவரை செய்துவைத்திருந்த கேமின் வடிவம், இணையத்தில் கசிந்தது. அதில் விளையாட கேம் என்று எதுவும் இல்லை, ஆள் நடமாட்டம் அதிகமில்லாத சில சோதனை லெவல்கள்தான் என்று ப்ரூசார்டே சொன்னார். இதை 2001-லேயே சொல்லியிருந்தால், நானும் மாமா பையனும் பழைய கேமில் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே காத்திருந்திருப்போம்.

இப்படிக்கு,
இன்னும் காத்திருக்கும் ஒரு விளையாட்டுக்காரன்