தம்பிக்கு: அந்தக் கட்டை விஷயமாக

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. நாங்கள் இன்னும் ஏறவில்லை, பாப்பா வரும்போது சேர்ந்து போகலாம் என்கிறாள் அம்மா.

சரி, துப்பாக்கிக் கட்டைக்கு வருகிறேன், குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் அந்த மரப்பகுதிக்கு. மழையில் வால்நட் மரம் ஊதிவிட்டது, குண்டு தள்ளிப் போகிறது, ஃபைபர் கட்டைக்கு மாற்றலாமா என்று கேட்டாய். அன்றைக்கு நீ பேசியதே அது மட்டும்தான். இருந்தாலும் மரத்தைப் பற்றி என்னிடம் கேட்கத் தோன்றியதே, சந்தோஷம்.

கட்டையைக் கழற்றி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டவன், இரும்பு உட்காரும் பள்ளத்தில் ஒன்றும் பூசாமல் விட்டிருக்கிறான். அந்த வழியாக ஈரம் குடித்து முன்கட்டை பருத்துக் குழலை ஒரு பக்கமாக நெட்டுகிறது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டை நுழைத்து இழுத்துப் பார், சிக்கும் இடம்தான் தொடும் இடம். நீ இங்கே இருந்திருந்தால் காயவைத்து, அந்த இடத்தைச் செதுக்கி, உள்ளே ரெண்டு கை வார்னிஷ் அடித்து ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பேன். ஆனால் அங்கே நீயாக உட்கார்ந்து அதைச் செய்யாதே. தனியாக அதை மடியில் வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். புதுக் கட்டையே போடு.

ஃபைபர் என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. அச்சில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியது விலை மலிவு, மழைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முன்பக்கத்தைக் கையால் அழுத்தினாலே சில வளையும், வளைந்தால் மறுபடி குழலைத் தொடும். கண்ணாடி இழை மேட்டும் ரெசின் பசையும் அடுக்கடுக்காகக் கையால் போட்டுச் செய்வது வேறு ஜாதி. நம் பட்டறையில் படகுக்குச் செய்கிற அதே வேலைதான். மெக்மில்லன் கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்கிறான். எச்-எஸ் ப்ரிசிஷன் கம்பெனிக் கட்டையில் உள்ளே அலுமினியக் கட்டியே வைத்து வருகிறது. கார்பன் இழைக் கட்டை வேண்டாம். தூக்க லேசாக இருக்கும், ஆனால் எடை குறைந்தால் தோளில் உதை கூடும்.

உன் ரெமிங்டன் 700 துப்பாக்கி முப்பது-நாட்-சிக்ஸ் என்ற நீளக் குண்டுக்கானது, குண்டை ஏற்றும் பொறியும் நீளம், அதனால் நீள ஆக்‌ஷனுக்கு உள்ள கட்டைதான் சேரும். நீ இடதுகைக்காரன், குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டுக்கான வெட்டும் இடப்பக்கம் வேண்டும். உளியை இடது கையில் பிடிக்கிறான் என்று பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சீவிய பலகைதான் இடுக்கு இல்லாமல் உட்கார்ந்தது, அதை இன்றைக்கும் சொல்வேன். விசையிலிருந்து பின்முனை வரை பொதுவாக 13.5 அங்குலம் இருக்கும், தடித்த ஜாக்கெட்டோடு தோளில் வைப்பவனுக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல். இதெல்லாம் கடையில் தொங்கும் சரக்கில் கிடைக்காது. ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும் என்றாய். ஆகட்டும். பங்குனி ஆனாலும் ஆகட்டும்.

அதுவரை துப்பாக்கியை அங்கே உள்ள ரிப்பேர்க் கடைக்காரரிடம் கொடுத்துவை. புதுக் கட்டையில் எபாக்ஸிப் பசை ஊற்றி இரும்பைப் படியவைக்கும் வேலை அவருடையது, மெழுகு தடவாமல் ஊற்றினால் எப்படி ஒட்டிப்போகும் என்று பெரியவன் படகில் பார்த்திருக்கிறாய். அவர் முடித்துக் கொடுக்கும்போது கொடுக்கட்டும். இங்கே தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்களே, அதனால் யாருக்கும் கௌரவம் குறைந்ததில்லை. அவர் முடியாது என்றால் போல்ட்டை மட்டுமாவது கழற்றி, உன்னோடு வேலை பார்க்கும் அந்த நண்பர் வீட்டில் கொடுத்துவை. குண்டுகளையும்.

உனக்கு லைசென்ஸ் எடுத்தபோது மனைவியிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நல்ல சட்டம் என்று அன்றைக்கே சொன்னேன். இப்போது அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்க மாட்டாள். வீடியோவில் உனக்குப் பின்னால் கொக்கியில் உன் ஜாக்கெட் ஒன்று மட்டும் தொங்கியது. பாப்பா தூங்குகிறாள் என்றாய். அங்கே அப்போது சாயங்காலம்.

எத்தனையோ வருஷமாக மழையில் நின்று மீன் கம்பெனியில் வேலை செய்து, அக்கா கல்யாணம், பட்டறைக் கூரை எல்லாம் நீ பார்த்தாய். ஊரில் யார் கேட்டாலும் அதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. ஆனால் மானைத் தேடித் தனியாகக் காட்டுக்குள் போகிற புத்தி எப்போது வந்தது? கடலுக்குக்கூட நம் ஆட்கள் ஒற்றையாளாகப் போகத் தயங்குவார்கள். போவதென்றால் கூட ஒருவரை வைத்துக்கொள். அதற்கும் கட்டை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சின்னையா வீட்டுக் கிணற்றுக்கு மூடி செய்தது நான்தான். அதற்கு மேல் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

விலை அதிகம் என்று பார்க்காதே. இந்த மாதமும் அடுத்த மாதமும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம், கட்டைக்குப் போடு. போன தடவை அனுப்பியதே பேங்கில் கிடக்கிறது. போதாவிட்டால் சொல், நான் அனுப்புகிறேன். ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றினாலும் அந்தப் பணம் உதவும், கட்டை எங்கேயும் ஓடிப்போகாது. மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, இல்லை நீ மட்டும் வா, ஏன் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

கடை திறந்தவுடன் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடு. ஆர்டர் பிறகு கொடுக்கலாம், முதலில் அதைக் கொடு. கொடுத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் பண்ணு. இங்கே நடுராத்திரியாக இருக்குமே என்று பார்க்காதே, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா