நூல் கட்டிய நீலப் பேனா

அன்புள்ள மாலதி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து வருடமாக மல்லாடிய ஆய்வில், வாய்மொழித் தேர்வன்று ஒரு சின்னக் கேள்விக்குப் பேந்தப் பேந்த விழித்தாயாம். மாலையில் வீட்டுப் படியேறும்போது பதில் வரி பிசகாமல் வந்து நின்றதாம். உடனே மறதி நோய் என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். நாற்பத்தைந்து வயதில் அப்படி என்ன அவசரம்?

என் கதையைக் கேள். போன மாதம் அப்பா நள்ளிரவில் மயங்கி விழுந்தார். (இப்போது நலம். பழையபடி எல்லோரையும் அதட்டுகிறார்.) அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதிவு செய்பவர் என் தொலைபேசி எண்ணைக் கேட்டார். பதினைந்து வருடமாக மாறாத எண், வரவே இல்லை. ஆனால் அந்த மேசையில் நூல் கட்டித் தொங்கிய நீலப் பேனாவையும் அதன் முனையில் யாரோ கடித்த பல் தடத்தையும் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

எண் எங்கே போனது, பேனா ஏன் தங்கியது என்று தேடித் தேடிப் படித்தேன். பதற்றத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் நொடிகளில் பாய்கிறது. கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் நிதானமாக ஏறி, இருபது முப்பது நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. இரண்டுமாகச் சேர்ந்து, மூளையில் உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலாவை உசுப்ப, அந்த நேரத்தில் கவனத்தை இழுத்தது கல்வெட்டாகிவிடுகிறது. அதே கார்ட்டிசால்தான் முன்பே பதிந்ததை எடுக்கவிடாமல் வழிமறிக்கிறது.

1998இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நீரில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்கினார்கள். மறுநாள் சோதனைக்கு முன் லேசான மின் அதிர்ச்சி. இரண்டு நிமிடத்துக்கு முன் அதிர்ச்சி பெற்றவை ஒழுங்காகத் தேடின. நான்கு மணி நேரத்துக்கு முன் பெற்றவையும் அப்படியே. அரை மணிக்கு முன் பெற்றவைதான் இடம் தெரியாமல் திண்டாடின. பதற்ற ஹார்மோன் சுரப்பை மருந்தால் தடுத்தபோது அந்தத் திண்டாட்டமும் இல்லை. நீ அறைக்கு வெளியே எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதைப் படித்ததும் இந்த எலிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

என் கவலை அந்த ஒரு நாளைப் பற்றியது அல்ல. அதற்கு முன் நீ தூங்காமல் கழித்த ஆறு மாதம்தான் உறுத்துகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இந்தப் பதற்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம். 1968இல் நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்யூவன் குழுவினர் எலி மூளையில் இதைக் காட்டினார்கள். தினமும் ஆறு மணி நேரம், மூன்று வாரம் அசையவிடாமல் அடைத்த எலிகளுக்கு அங்கே நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அடைப்பதை நிறுத்தியதும் திரும்ப வளர்ந்தன. கார்ட்டிசால் அளவுமீறிச் சுரக்கும் குஷிங் நோயாளிகளிலும், சிகிச்சைக்குப் பின் அந்தப் பகுதி ஓரளவு பெருத்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதலில் தூங்கு. அதற்குப் பிறகும் மறதி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கலாம், நானும் வருகிறேன்.

பதில் எழுதும்போது ஒன்று சொல். அந்தக் கேள்வியைக் கேட்டவரின் மேசையில் என்னென்ன இருந்தன? ஒன்றுகூட விடமாட்டாய், பந்தயம்.

அன்புடன்,
கீதா