வெஸ்டர்ன் படங்களின் பாட்டை வெட்டாதீர்கள்: ஓடிடி நிறுவனங்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்க மேற்குப் பகுதியின் துப்பாக்கிவீரர் கதைகளான பழைய வெஸ்டர்ன் படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடும் டப்பிங்கோடும் வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் படங்களில் வரும் பாட்டையும் வசனத்துக்குச் சமமாக நடத்துங்கள். முகப்புப் பாடல் ஓடும்போது திரையில் ஒரு வரி தமிழ்கூட வருவதில்லை. வந்தால் 'இசை' என்ற ஒற்றைச் சொல். டப்பிங்கில் பாடகரின் குரலே காணாமல் போகிறது. கதையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது.

1952இல் வந்த ஹை நூன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இசை டிமிட்ரி டியோம்கின், வரிகள் நெட் வாஷிங்டன், குரல் டெக்ஸ் ரிட்டர். சிறந்த பாடல், சிறந்த பின்னணி இசை இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கிய படம். முகப்பில் மூன்று துப்பாக்கிக்காரர்கள் பேச்சில்லாமல் ஒன்றுசேர்கிறார்கள். அந்த நேரத்தில் பாட்டுதான் கதை சொல்கிறது: இன்று எங்கள் கல்யாண நாள், என்னை வெறுக்கும் ஒருவனை நான் எதிர்கொண்டாக வேண்டும், சாவைவிட நீ என்னை விட்டுப் போய்விடுவாயோ என்றுதான் பயம், கடிகார முள் நகர்கிறது. நாயகனான மார்ஷல் (ஊர்க் காவல் அதிகாரி) வில் கேன் எளிதில் வாய்விட்டுச் சொல்லாத அச்சத்தைப் பாட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறது. பிறகு அவர் துணைக்கு ஆள் தேடித் தெருத்தெருவாக நடக்கும்போதெல்லாம் அதே மெட்டு திரும்ப வருகிறது. வரிகளின் பொருள் தெரியாதவருக்கு அது வெறும் பின்னணி இசை. தெரிந்தவருக்கோ அந்த மனிதரின் மனக்குரல்.

ஆகவே வரிகளை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். எதுகை மோனை தேட வேண்டியதில்லை, பொருள் சரியாக இருந்தால் போதும். மெதுவான பாட்டு என்பதால் வாசிக்க நேரமும் கிடைக்கும். பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் வரியை மாற்றுங்கள். இலக்கண வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தால், அவர் இன்னும் பாடாததை நீங்கள் முந்திச் சொல்லிவிடுவீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். முகப்பில் நடிகர் பெயர்கள் எங்கே வருகின்றன என்று பார்த்து, அவை கீழே இருந்தால் சப்டைட்டிலை மேலே ஏற்றுங்கள். வெள்ளைப் பெயர்மேல் வெள்ளை எழுத்து விழுந்தால் இரண்டையுமே வாசிக்க முடியாது. பாட்டு என்று காட்டச் சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்துருவைக் கணினி வலிந்து சாய்க்கும்போது சுழிகளும் கொம்புகளும் குழம்பிப்போகின்றன. வரியின் இரு முனையிலும் இசைக்குறி போடுவதே தெளிவு.

படம் முடியும் இடத்தையும் கவனியுங்கள். ஜான் ஃபோர்டின் தி சர்ச்சர்ஸ் (1956) ஸ்டான் ஜோன்ஸ் எழுதிய பாட்டோடு தொடங்குகிறது. ஒரு மனிதனை வீடு விட்டு அலையச் செய்வது எது என்று அது கேட்கிறது. கடைசியில் நாயகன் ஈதன் வாசலோடு நின்று திரும்பி நடக்க, கதவு மூட, அதே பாட்டு மீண்டும் வருகிறது. அந்தச் சில நொடிகளில் படத்தைச் சிறு பெட்டியாகச் சுருக்கி 'அடுத்து பார்க்க' என்று வேறொரு படத்தின் முகத்தைக் காட்டுவது பெரும் அநியாயம். கடைசிச் சட்டம் (ஃபிரேம்) இருளும்வரை அந்தப் பெட்டி வரக்கூடாது.

காது கேளாதோருக்கான குறிப்புகளில் 'இசை' என்று மட்டும் போடுவது அதைவிட மோசம். ஹவர்ட் ஹாக்ஸின் ரியோ பிராவோவில் (1959) வில்லன் கூட்டம் டெகுவேயோ என்ற மெட்டை ட்ரம்பெட்டில் வாசிக்கச் செய்கிறது. உயிர்ப்பிச்சை கிடையாது என்று அதற்கு அர்த்தம். படத்திலேயே அது விளக்கப்படுகிறது. பிறகு குடிப்பழக்கத்தோடு போராடும் துணைக் காவலர் டூட், குடிக்கப் போனவர், அதே மெட்டைக் கேட்டதும் விஸ்கியைச் சொட்டு சிந்தாமல் புட்டியிலேயே திருப்பி ஊற்றுகிறார். அங்கே 'டெகுவேயோ மீண்டும் ஒலிக்கிறது' என்று எழுதினால்தான் அவர் ஏன் ஊற்றினார் என்று புரியும். செர்ஜியோ லியோனியின் ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர் (1965) படத்தில் பாக்கெட் கடிகாரத்தின் மணியிசை ஓயும்போதுதான் சுட வேண்டும். 'கடிகார இசை தேய்கிறது', 'இரண்டாவது கடிகாரம் தொடங்குகிறது' என்று எழுதாவிட்டால் கடைசிச் சண்டையின் பதற்றமே இல்லை.

டப்பிங் செய்யும்போது, இசையும் சத்தமும் மட்டும் உள்ள ட்ராக்கில் பாடகர் குரல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பாட்டை வசனமாக எண்ணி அதையும் நீக்கியிருக்கலாம். நீக்கியிருந்தால், பாட்டு வரும் பகுதிக்கு மட்டும் மூல ஒலியை ஒட்டுங்கள். ஹை நூன் முகப்பில் வசனமே இல்லாததால் இது சுலபம். ரியோ பிராவோவில் டீன் மார்ட்டினும் ரிக்கி நெல்சனும் சிறைக்குள் பாடும் காட்சியில் சற்றுக் கவனம் தேவை. பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியில் மெல்லிய இரைச்சல் இருக்கும். சுத்தமான டப்பிங் ஒலியிலிருந்து அதற்குத் தாவினால் வெட்டு அப்பட்டமாகக் கேட்கும். ஒன்றிரண்டு நொடி முன்பே அந்த இரைச்சலைக் கலக்கத் தொடங்குங்கள். தமிழில் பாடிச் சேர்க்க மட்டும் வேண்டாம்.

ஒலியின் வேகமும் முக்கியம். நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்த படத்தை 25 சட்டத்தில் ஓட்டிய பழைய தொலைக்காட்சிப் பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றில் எல்லாம் 4 விழுக்காடு வேகமாக ஓடும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறி, ரிட்டரின் கனத்த குரல் மெலிந்துவிடும். 85 நிமிடப் படம் 82 நிமிடத்துக்குள் முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஹை நூன் பாட்டின் சுருதியைச் சரிபார்க்க ஃபிராங்கி லெய்ன் பாடிய இசைத்தட்டைப் பயன்படுத்தாதீர்கள். அது வேறு பாடகர், வேறு பதிவு.

லியோனி படங்களுக்கு மூல மோனோ ஒலியையும் ஒரு தெரிவாகக் கொடுங்கள். தி குட், தி பேட் அண்ட் தி அக்லியின் பிந்தைய 5.1 (பல ஒலிபெருக்கிகளுக்கான) ஒலிக்கலவையில் துப்பாக்கிச் சத்தங்கள் உட்பட பலவற்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். எனியோ மோரிக்கோனேயின் இசை அந்தப் பழைய சத்தங்களோடு சேர்ந்து உருவானது. ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட் (1968) படத்துக்கோ மெட்டுகளை முன்பே பதிவுசெய்து படப்பிடிப்பிலேயே ஒலிக்கவிட்டார்கள். நாயகி ஜில் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது கேமரா கூரைமேல் எழும் அந்த ஒரே ஏற்றம் பாடகி எட்டா டெல் ஓர்சோவின் குரலோடு சேர்ந்து எழுகிறது. விளம்பர இடைவெளியை அங்கே வைக்காதீர்கள். தொடக்கத்தில் காற்றாலை கிரீச்சிடும் நீண்ட பகுதியில் இசை கிடையாது. அது வேண்டுமென்றே விட்டது. டப்பிங்கில் அங்கே எதையும் நிரப்ப வேண்டாம். ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் கருவியையும் அணைத்துவையுங்கள். இல்லையென்றால் மௌனம் உயர்ந்து, அதன்பின் வரும் ஹார்மோனிகா பலமிழந்துபோகும்.

ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன் (1962) போன்ற படங்களுக்கு முன்னிசையும் இடைவேளை இசையும் உண்டு. திரை வெறுமையாக இருப்பதால் பிழை என்று நினைத்து அதை நீக்கிவிடுகிறார்கள். 'முன்னிசை' என்று ஓர் எழுத்து வரியைப் போட்டு அப்படியே ஓடவிடுங்கள்.

இவற்றுள் சப்டைட்டில் வேலைக்குப் புதிய பிரதி தேவையில்லை. இப்போது உங்களிடம் இருக்கும் படங்களிலேயே, ஹை நூனிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வெஸ்டர்ன் படங்களின் தமிழ் ரசிகர்கள்