தோளை அறுக்கும் வார்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்வெளி வீரர்களின் உடற்பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரை ட்ரெட்மில்லையும் எடைப்பயிற்சி எந்திரத்தையும் விரிவாகச் சொன்னது. எடையற்ற நிலையில் ஆள் மிதந்துவிடாமல் ட்ரெட்மில்லோடு இழுத்துப் பிடிக்க, தோளிலும் இடுப்பிலும் மாட்டும் கச்சைக்கு ஒரே ஒரு வரிதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆளை அவர் எடையில் 70 சதவீத விசையோடு எலாஸ்டிக் கயிறுகள் இழுத்தால் அது 49 கிலோ. பாதியைத் தோள்கள் தாங்கினால், தோளுக்கு 12 கிலோ. 5 செ.மீ. அகல வார் 20 செ.மீ. நீளத்துக்குப் பதிந்தால் சதுர செ.மீ.க்கு 120 கிராம், அதாவது ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அழுத்தம். தோலின் ரத்த நுண்குழாய்களில் இருப்பதோ 30 சொச்சம், அதனால் அங்கே ரத்த ஓட்டம் தடைபடும். தோள் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? இது சராசரிதான், காறை எலும்பின் மேல் இன்னும் கூடும். வலித்தால் ஆள் கயிற்றைத் தளர்த்துவார். விண்வெளியில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கும் இடுப்பெலும்புக்குச் சேர வேண்டிய சுமை அப்போதே குறைந்துவிடும்.

வாரை வெறுமனே அகலப்படுத்தினால் போதாது. தட்டையான அகல வார் தோள் சரிவில் படியாது, கழுத்துப்பக்க ஓரம் மட்டும் அழுத்தும். வளைவாக வெட்ட வேண்டும். சுமையின் பெரும்பங்கை, மலையேறுவோர் பையில் இருப்பதுபோல, இடுப்புப் பட்டைக்கு மாற்ற வேண்டும். பட்டை உட்கார வேண்டிய இடம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு, வயிறு அல்ல.

தரையில் எடுத்த அளவு மேலே பொருந்தாது. உடல்நீர் மேல்நோக்கி நகர்வதால் கால்கள் மெலியும், வயிற்றுச் சுற்றளவு குறையும், முதுகுத்தண்டோ சில செ.மீ. நீளும். உடற்பகுதி நீளத்தில் 7 செ.மீ. வரை கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது.

வியர்வை அங்கே சொட்டாது. தோலில் படலமாக ஒட்டித் தடித்துக்கொண்டே போகும். சாதாரண ஸ்பாஞ்ச் அதை உறிஞ்சி ஊறிவிடும். துவைக்கவும் வழியில்லை. நீர் புகாத நுரைத்திண்டு, கழற்றி மாற்றும் உறை, வெளிப்பக்கம் திருப்பிய தையல், இவைதான் சரி. வெல்க்ரோவில் நூல்பிசிறு அடைத்துப் பிடி தளரும் என்பதால் சுமை தாங்கும் இடத்தில் பக்கிளே மேல்.

2015இல் டென்மார்க் விண்வெளி வீரர் ஆந்திரியாஸ் மோகன்சன் அணிந்து பார்த்த ‘ஸ்கின்சூட்’ வேறு வழி: தோளிலிருந்து பாதம்வரை சுமை படிப்படியாகக் கூடும் எலாஸ்டிக் உடை. ஆனால் துணி தோலைப் பிடிக்காமல் வழுக்கினால் இழுவை முழுவதும் தோளிலும் பாதத்திலும் போய்ச் சேரும். பழைய வலிதான் திரும்பி வரும்.

எந்தக் கச்சையானாலும் தரையில் ஒரு எளிய சோதனை உண்டு: முழுச் சுமையில் ஓடிக் கழற்றிய பின் தோலில் சிவப்புத் தடம் 20 நிமிடத்துக்கு மேல் மறையாவிட்டால், அந்த இடத்தில் திண்டை மாற்றி வெட்டுங்கள்.

இப்படிக்கு,
கச்சை வடிவமைக்கும் வாசகர் ஒருவர்