தீவனத்தில் என்சைம்: கலக்குகிறவன் சொல்வது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் ஒரு வாசகர், கோழித் தீவனத்தில் என்சைம் என்ற ரசாயனத்தைக் கலந்து முட்டையைக் கூட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நான் நாமக்கல் பக்கம் எட்டாயிரம் முட்டைக்கோழி வைத்திருப்பவன். தீவனத்தை நானே அரைத்துக் கலக்குகிறேன். அவர் பயப்படும் அந்தத் தூள் என் கையில் தினமும் புழங்குவதால் இதை எழுதுகிறேன்.

மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. மாட்டுக்குப் பிரச்சினை இல்லை, அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுத்துவிடும். கோழிக்கு அந்தக் கொடுப்பினை போதாது. தின்றதில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸை நாங்கள் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) என்ற வெள்ளைத் தூளாகத் தனியாக விலை கொடுத்து வாங்கிப் போடுகிறோம். பாறையை வெட்டியெடுத்துச் செய்கிற சரக்கு அது. பைட்டேஸ் என்ற என்சைம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கட்டுண்டு கிடப்பதை அவிழ்த்துவிடுகிறது. அது ஒரு புரதம். வேலை முடிந்ததும் மற்றப் புரதங்களைப் போலக் குடலிலேயே செரித்துப்போகும். ஹார்மோனும் இல்லை, ஊசியும் இல்லை. நம் வீட்டில் பயறு முளைகட்டும்போது இதே பைட்டேஸ்தான் உள்ளுக்குள் வேலை செய்கிறது. முதன்முதலில் 1907-இல் ஜப்பானில் சுசுகி குழுவினர் இதைக் கண்டதும் அரிசித் தவிட்டில்தான்.

முட்டை எண்ணிக்கைக்காக நான் இதைப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசிபி செலவைக் குறைக்கத்தான். டன்னுக்கு 100 கிராம் போட்டால் சுமார் ஐந்தரை கிலோ டிசிபி மிச்சம்.

இதைக் கோழியில் சோதித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டி. எஸ். நெல்சன். ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸைக் குஞ்சுகளின் தீவனத்தில் கலந்து கொடுத்து, பிறகு அவற்றின் எலும்பை எரித்துச் சாம்பலை நிறுத்துப் பார்த்தார்கள். சாம்பல் கூடியிருந்தது, அதாவது எலும்பில் தாதுச்சத்து ஏறியிருந்தது. 1971-இல் வெளியான ஆய்வு. அப்புறம் இருபது வருஷம் அது தாளிலேயே கிடந்தது. என்சைம் தயாரிக்க ஆகும் செலவு அதிகம், டிசிபி மலிவு, யார் வாங்குவார்கள்? கடைசியில் கதவைத் திறந்தது நெதர்லாந்தின் சாணப் பிரச்சினை. சின்ன நாட்டில் அத்தனை பன்றி, அத்தனை கோழி. எருவிலுள்ள பாஸ்பரஸ் மண்ணில் சேர்ந்து, நீர்நிலைகளுக்குப் போய்ப் பாசி படர்ந்தது. எருவுக்கு அரசு வரம்பு கட்டியது. பைட்டேஸ் போட்டால் எச்சத்தோடு போகும் பாஸ்பரஸ் குறையும். 1991-இல் பைட்டேஸ் அங்கே விற்பனைக்கு வந்தது. நல்ல ஆராய்ச்சிக்குக்கூட ஒரு நெருக்கடி வந்தால்தான் விடிகிறது போலும்!

சரி, இதில் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் முட்டை தின்கிறவருக்கு இல்லை, என்னைப் போன்றவனுக்கு.

போன வருஷம் சித்திரையில் ஒரு பைட்டேஸ் மூட்டையைப் பிரித்துப் பாதியைத் தகரக் கொட்டகையிலேயே வைத்துவிட்டேன். சூடு பட்டால் என்சைம் கெடும்; ஆனால் தீவனத்தை நீராவியில் சூடாக்கி பெல்லட் என்ற குருணையாக அழுத்தும் ஆலைக்காரர்கள்தான் அதற்குப் பயப்பட வேண்டும், நாம் மாவாகத்தானே போடுகிறோம் என்று ஒரு மெத்தனம். தகரத்தடி வெயிலில் தூள் வீரியம் இழந்தது எனக்குத் தெரியவில்லை. நிறம் மாறவில்லை, வாடை மாறவில்லை. டிசிபியை மட்டும் கணக்குப்படி குறைத்துக்கொண்டே வந்தேன். சில வாரத்தில் கடைசி வரிசைக் கூண்டுகளில் நாற்பது கோழிகள் எழுந்து நிற்க முடியாமல் சாய்ந்தன. கழிச்சல் நோயோ என்று நடுங்கிப்போனேன். வந்த கால்நடை மருத்துவர் செத்த கோழி ஒன்றை அறுத்து, கால் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தார். ஒடியவில்லை. பச்சைக் குச்சி மாதிரி வளைந்தது. "என்சைம் மூட்டையை எங்கே வைக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

கலப்பதிலும் கோளாறு இருந்தது. ஆயிரம் கிலோவுக்கு நூறு கிராம் என்பது கைப்பிடி அளவு. அதை அப்படியே மிக்சரில் கொட்டினால் ஒரு கூண்டுக்கு அதிகம், ஒரு கூண்டுக்கு ஒன்றுமில்லை. இப்போது முதலில் ஐந்து கிலோ சோளமாவில் கலந்து, அதை இருபத்தைந்து கிலோவில் கலந்து, பிறகுதான் மிக்சரில் போடச் சொல்கிறேன். வேலையாட்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

கையில் இருக்கும் தூளில் சொன்ன வீரியம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கிராம் எவ்வளவு பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று ஆய்வகத்தில் அளக்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர்கள் அளக்கிறார்கள். எட்டாயிரம் கோழிக்காரன் கோழி சாய்ந்த பிறகு தெரிந்துகொள்கிறான். தினமும் முட்டை விலை போடும் உங்கள் பத்திரிகையில், தீவன மாதிரியை எங்கே கொடுக்கலாம், எவ்வளவு எடுத்துக் கொடுக்க வேண்டும், என்ன கட்டணம் என்று ஒரு முறை விசாரித்து விவரமாகப் போடுங்கள். மாசி பிறப்பதற்குள் வந்தால் உபகாரமாக இருக்கும். அதற்கப்புறம் வெயில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
முட்டைக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்